தாளம் காக்கும் தட்டு

தமிழிலே ஒருவரை இகழ வேண்டுமானால், "அவர் ஜால்ரா போடுகிறார்" என்று சொல்லிவிடுகிறோம். பெரியவர் எதைச் சொன்னாலும் ஆமென்று தலையசைப்பவர், தமக்கெனக் கருத்தொன்று இல்லாதவர் என்பது அதன் பொருள். பஜனை மடத்தில் மெய்யாகவே ஜால்ரா போட்டுப் பழகியவர்கள் இவ்வழக்கைக் கேட்டால் வருந்துவார்கள். பாடுகிறவர் காலத்தை விட்டு ஓடினால் அவரை இழுத்து நிறுத்துவதும், தளர்ந்தால் தூக்கி விடுவதும் அச்சிறு வெண்கலத் தட்டுகளேயாம். ஒத்துப்போவது அவற்றின் தொழிலன்று. பிறர் ஒத்துப்போவதற்கு ஓர் அளவைத் தருவதே அவற்றின் தொழில்.

இவ்வுண்மையை நாம் மறந்திருக்கலாம். ஆனால் கடல் கடந்த ஒரு சங்கீதம் இதைப் புதிதாகக் கண்டுபிடித்து, அதனாலேயே தன் வடிவத்தை மாற்றிக்கொண்டது. அதுவே அமெரிக்க நீக்ரோ மக்களிடையே பிறந்த ஜாஸ் சங்கீதம். அதில் 'ரைடு சிம்பல்' என வழங்கும் பெரிய வெண்கலத் தட்டு எவ்வாறு தாளத்தின் தலைமையை ஏற்றது, அதை வாசிப்போர் எதைக் கருதித் தட்டைத் தேர்ந்தெடுக்கின்றனர் என்பதே இவ்வுரையின் பொருள். அவ்வரலாற்றை மைசூர் அரண்மனையிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். ஏனெனில், தட்டின் இருவேறு வாழ்வுகளும் ஒரே கூரையின்கீழ் ஒலித்த இடம் அது.

மைசூர் அரண்மனையில் கர்நாடக சங்கீத வித்துவான்களோடு மேனாட்டு வாத்தியங்கள் கொண்ட பாண்டும் ஆதரிக்கப்பட்டது. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் ஓட்டோ ஷ்மிட் என்னும் ஜெர்மானியர் அரண்மனை வாத்தியக் குழுவை நடத்தினார். அதே அரசரின் ஆஸ்தானத்தை அணி செய்தவர் நெல்லைச் சீமையின் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். மதுரை மணி ஐயர் பாடிப் பாடித் தமிழ்நாட்டுக்கு உவப்பாக்கிய 'இங்கிலீஷ் நோட்டு' முத்தையா பாகவதரின் ஆக்கம் என்பதை நினைத்தால், பாண்டு வாத்திய ஓசை நம் வித்துவான்களின் செவியில் எவ்வளவு தூரம் பதிந்திருந்தது என்பது விளங்கும். அந்தப் பாண்டில் இரண்டு பெரிய தட்டுகளை இரு கைகளிலும் ஏந்தி மோதுவார் ஒருவர். அது முழக்கம், விழாவின் உச்சத்தை ஊருக்கு அறிவிப்பது.

அதே அரண்மனையில் ஜட்டி தாயம்மாவும், அவருடைய மாணவியான வேங்கடலக்ஷம்மாவும் ஆடினர். அவ்வாட்டத்துக்கு நட்டுவனார் கையில் இருந்தது மற்றொரு வகைத் தட்டு. உள்ளங்கையில் அடங்குவது, ஒன்று எஃகு, மற்றொன்று வெண்கலம். அது முழங்குவதில்லை. சொற்கட்டு வாயில் ஓடிக்கொண்டிருக்க, கை தாளத்தை விடாது பிடித்து, ஆடுபவளின் ஒவ்வோர் அடியையும் அளந்துகொண்டிருக்கும். பாண்டின் தட்டு எப்பொழுதோ ஒருமுறை பேசும். நட்டுவனாரின் தட்டு ஓயாது பேசும். ஜாஸ் சங்கீதத்தின் கதை, முதல் வகைத் தட்டு இரண்டாம் வகைத் தட்டின் கடமையை ஏற்றுக்கொண்ட கதையாகும்.

தாளக் கருவியின் பழமை தமிழர்க்குப் புதிதன்று. மலைபடுகடாத்தில் கூத்தர் சுமந்து செல்லும் வாத்தியங்களுள் பாண்டில் என்னும் கஞ்சதாளமும் ஒன்று. அக்கருவிக்கு வேண்டிய உலோக வித்தையும் இம்மண்ணுக்குரியதே. செம்போடு வெள்ளீயத்தை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கலந்தால் ஓசை இனிக்கும். ஆனால் உலோகம் கண்ணாடிபோல் நொறுங்கும். இக்குறையை வெல்ல ஒரு வழி உண்டு. செக்கச் சிவக்கக் காய்ச்சி, அந்தச் சூட்டிலேயே அடித்து நீட்டி, உடனே நீரில் அமிழ்த்திவிட வேண்டும். ஆதிச்சநல்லூரிலும் நீலகிரியிலும் பெருங்கற்காலப் புதைகுழிகளில் கிடைத்த மெல்லிய கிண்ணங்கள் சிலவற்றில் ஏறத்தாழ 23 விழுக்காடு வெள்ளீயம் இருப்பதும், அவை இம்முறையில் ஆக்கப்பட்டவை என்பதும் ஆராய்ச்சியால் தெரியவந்துள்ளன.

மேனாட்டுத் தட்டின் பிறப்பிடமோ கான்ஸ்டான்டிநோபிள் என்னும் இஸ்தான்புல் நகரம். அங்கே அவெதிஸ் என்ற ஆர்மீனியர் ஒருவர், பொன் செய்யும் இரசவாதத்தில் ஈடுபட்டிருந்தபோது, ஓசை மிக்க வெண்கலக் கலவை ஒன்றைக் கண்டார் என்பது அவர் குடும்பத்தார் போற்றி வரும் வரலாறு. ஏறத்தாழ 80 பங்கு செம்பு, 20 பங்கு வெள்ளீயம், சிறிது வெள்ளி என்பது அக்கலவை. பொன் கிட்டவில்லை, பொன்னினும் நிலைத்த புகழ் கிட்டியது. சுல்தானின் ஆதரவில் 1623ஆம் ஆண்டு அவர் தம் பட்டறையை நிறுவினார். 'ஸில்ஜியான்' என்னும் குடும்பப் பெயருக்குத் தட்டு செய்பவரின் மகன் என்று பொருள். துருக்கியச் சேனையின் வாத்தியக் குழுவுக்கு அத்தட்டுகள் சென்றன. போரில் அவ்வோசையைக் கேட்டுத் திகைத்த ஐரோப்பியர், பின்னர் அதைத் தம் படைகளிலும் ஏற்றுக்கொண்டனர். 1782இல் மோட்சார்ட்டும், 1794இல் ஹைடனும் தம் படைப்புகளில் துருக்கிய வாத்திய முழக்கத்தைப் புகுத்தினர். ஐரோப்பியப் படைகளின் பாண்டு இந்தியாவுக்கு வந்தபோது, அதனுடன் தட்டும் வந்து, சுதேச சமஸ்தானங்களின் அரண்மனை முற்றங்களில் முழங்கலாயிற்று.

எனினும் மேனாட்டுச் சாஸ்திரீய சங்கீதத்தில் தட்டு வாசிப்பவரின் நிலை விந்தையானது. புரூக்னரின் ஏழாம் சிம்பொனி ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும். அதில் அவருக்கு ஒரே ஓர் அடிதான் உண்டு. அந்த ஒரு கணத்துக்காக அவர் எண்ணிக்கை தவறாது காத்திருக்க வேண்டும். மைசூரின் கடைசி அரசரான ஜயசாமராஜ உடையார் இச்சங்கீதத்தை நன்கறிந்தவர்; பியானோவில் தேர்ச்சி பெற்றவர்; 1948இல் லண்டன் பில்ஹார்மோனியா கச்சேரிச் சங்கத்தின் முதல் தலைவரானவர்; கர்நாடக சங்கீதத்தில் கீர்த்தனங்களும் இயற்றியவர். அவர் போற்றிய இரு சங்கீதங்களுள் ஒன்றில் தட்டு உச்சத்தின் அடையாளம். மற்றொன்றில் காலத்தின் காவல்.

இனி அமெரிக்காவுக்குச் செல்வோம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் ஜாஸ் உருவானபோது, அதன் தாள வாத்தியங்கள் தெருவில் செல்லும் பாண்டிலிருந்தே வந்தன. பாண்டில் பெரிய டிரம், சிறிய டிரம், தட்டு ஆகியவற்றை வெவ்வேறு ஆட்கள் வாசித்தனர். காலால் மிதித்து இயக்கும் கோல் பயனுக்கு வந்தபின், ஒரே ஆள் உட்கார்ந்தபடி அனைத்தையும் வாசிக்க முடிந்தது. அக்காலத்தில் தாளம் பெரிய டிரம்மில் இருந்தது. வலக்கால் ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் அதை மிதிக்கும். சிறு தட்டு ஒன்று அலங்காரத்துக்குத் தொங்கும். அதை அடித்த கணமே விரலால் பிடித்து ஓசையை அடக்கிவிடுவர்.

1920களின் பிற்பகுதியில் 'ஹை-ஹாட்' என்னும் அமைப்பு தோன்றியது. ஒரு கம்பியில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரு தட்டுகள், இடக்கால் மிதிக்க மிதிக்கக் கூடியும் பிரிந்தும் ஒலிக்கும். நம் ஜால்ராவைக் காலில் கட்டியது போன்றதே. கௌன்ட் பேசியின் குழுவில் வாசித்த ஜோ ஜோன்ஸ் 1930களில் தாளத்தின் பெரும்பகுதியை அந்தத் தட்டுகளுக்கு மாற்றினார். இடி போன்ற மிதி மறைந்து, காற்றில் மிதப்பது போன்ற நடை பிறந்தது.

அடுத்த அடியை எடுத்து வைத்தவர் 1914இல் பிறந்த கென்னி கிளார்க். 1930களின் இறுதியில் டெடி ஹில் என்பவரின் நடனக் குழுவில் அவர் வாசித்து வந்தார். மிக விரைவான பாட்டுகளுக்கு நான்கு எண்ணிக்கையும் பெரிய டிரம்மை மிதித்து மிதித்துக் கால் ஓய்ந்துபோகும். ஆகவே அவர் தாளத்தை வலக்கைக்கு மாற்றி, மேலே தொங்கிய பெரிய தட்டில் இடைவிடாது வாசித்தார். காலை வேண்டிய இடத்தில் மட்டும் பயன்படுத்தினார். களைப்பால் நேர்ந்த மாற்றம் கலையின் மாற்றமாயிற்று. 1940இல் நியூயார்க் ஹார்லெம் பகுதியின் மின்டன்ஸ் விடுதியை நிர்வகிக்க வந்த அதே டெடி ஹில், கிளார்க்கை அங்கே அழைத்துக்கொண்டார். இரவு நெடுநேரம் நடந்த அக்கூட்டங்களில் தெலோனியஸ் மங்க், டிஸி கில்லெஸ்பி, சார்லி பார்க்கர் முதலானோர் புதிய ஜாஸை வளர்த்தனர். கிளார்க்கின் வழியை மாக்ஸ் ரோச் மேலும் விரித்தார். பயணத்தைச் சுமந்து செல்லும் தட்டு என்ற கருத்தில் 'ரைடு' என்னும் பெயர் அதற்கு நிலைத்தது.

அத்தட்டில் வாசிப்பது யாது? நம் இலக்கணத்தைக் கொண்டே விளக்கலாம். நான்கு எண்ணிக்கை கொண்ட ஓர் ஆவர்த்தனத்தைக் கொள்க. ஒவ்வோர் எண்ணிக்கையையும் 'தகிட' என்று திச்ர நடையில் மூன்றாகப் பிரித்துக்கொள்க. முதல் எண்ணிக்கையில் 'த' மட்டும் ஒலிக்கட்டும். இரண்டாவதில் 'த'வும் 'ட'வும். மூன்றாவதில் மறுபடி 'த' மட்டும். நான்காவதில் 'த'வும் 'ட'வும். அதே வேளையில் இடக்கால் இரண்டாவது, நான்காவது எண்ணிக்கைகளில் ஹை-ஹாட்டை மூடட்டும். இவ்வளவே ரைடு சிம்பலின் அடிப்படைச் சொற்கட்டு. சொல்லப் போனால் ஒரு நாழிகையில் கற்றுவிடலாம். நன்றாக வாசிக்க ஒரு வாழ்நாள் வேண்டும். காலம் விரைய விரைய, அந்த 'ட' என்னும் சிறு சொல் தன் இடத்தினின்றும் சற்றே நகர்ந்து, இரண்டாகப் பிரித்த பாதியை நோக்கிச் செல்லும். எவ்வளவு நகரலாம் என்பதற்குச் சூத்திரம் இல்லை. அந்த நூலிழை வேறுபாட்டில்தான் 'ஸ்விங்' என்று ஜாஸ் வித்துவான்கள் போற்றும் அசைவு குடிகொண்டிருக்கிறது. ஒவ்வொரு வித்துவானின் 'ட'வும் அவருடைய கையெழுத்தைப் போன்றது.

கோலைத் தோளின் பலத்தால் வீசுதல் ஆகாது. மணிக்கட்டும் விரல்களும் கோலை விட, தட்டே அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். தட்டை அடிப்பதன்று, தட்டிலிருந்து ஓசையை எடுப்பதே முறை. நாண் கட்டிய பெரிய பேஸ் வாத்தியத்தை விரலால் மீட்டுபவர் பக்கத்தில் நிற்பார். அவருடைய ஒவ்வொரு மீட்டும் தட்டின் ஒவ்வோர் அடியும் ஒன்றாக விழ வேண்டும். இவ்விருவரும் இணைந்துவிட்டால், ஏனையோர் துணிந்து எங்கும் உலாவலாம்.

தாளம் வலக்கையில் நிலைத்தவுடன் இடக்கைக்கும் இரு கால்களுக்கும் விடுதலை கிடைத்தது. அவை பாடகனோடு உரையாடலாம். எதிர்பாராத இடத்தில் ஓர் அடி கொடுத்து வியப்பூட்டலாம். ஆனால் அவ்விடுதலைக்கு விலை ஒன்று உண்டு. வலக்கை ஒரு கணம் பொய் சொன்னாலும் அத்தனை பேரின் சுதந்திரமும் குலைந்துவிடும். நட்டுவனாருக்கு வாயும் கையும் தனித்தனியே இயங்குவதுபோல, இங்கு நான்கு உறுப்புகளும் தனித்தனியே இயங்க வேண்டும்; ஆயினும் தாளத்தைக் காக்கும் உறுப்பு தன் காவலை விட்டு நகரலாகாது.

இத்தகைய பொறுப்பைச் சுமக்கும் தட்டை எவ்வாறு தேர்வது? முதலில் அதன் உறுப்புகளை அறிதல் வேண்டும். நடுவில் குமிழ், அதைச் சுற்றிச் சற்றே வளைந்த பரப்பு, முடிவில் விளிம்பு. குமிழில் அடித்தால் மணியோசை. விளிம்பில் அடித்தால் பெருமுழக்கம். இடையே பரப்பில் கோலின் நுனி பட்டால் தாள ஓசை. அத்தாள ஓசையிலும் இரண்டு கூறுகள் உண்டு. ஒன்று, கோல் படும் கணத்தில் தெளிவாகக் கேட்கும் 'டிங்' என்னும் சொல். மற்றொன்று, அதன்பின் புகைபோல் பரவும் ஓசை அலை. சொல் மட்டும் இருந்து அலை இல்லையேல் தாளம் வறண்டுபோகும். அலை மிகுந்து சொல் மறைந்தால் தாளம் மூழ்கிவிடும். இவ்விரண்டின் நிறையைத் தேடுவதே தட்டுத் தேர்வின் சாரம்.

ஜாஸ் வாசிப்போர் பெரும்பாலும் 20 முதல் 22 அங்குலம் வரை குறுக்களவுள்ள தட்டை விரும்புகின்றனர். 22 அங்குலத் தட்டு மெல்லியதாயின் இரண்டேகால் கிலோ அளவில் நிற்கும். கனத்ததாயின் மூன்று கிலோவையும் எட்டும். கனத்த தட்டு தெளிவாகவும் உரக்கவும் பேசும்; மின்சாரக் கிதார்களின் நடுவே அது வேண்டும். மெல்லிய தட்டு தாழ்ந்த, இருண்ட குரலில் பேசும். பியானோவையும் பேஸையும் மறைக்காது. சுத்தியல் அடி ஆழமாகவும் ஒழுங்கற்றும் இருந்தால் ஓசை பல நிறம் கொள்ளும். ஒழுங்காக இருந்தால் துலக்கமாகும். கடைசலில் இழைத்த வரிகள் ஓசையைத் திறக்கும். இழைக்காது விட்ட தட்டு வறண்டு ஒலிக்கும். துளையிட்டுச் சிறு ஆணிகளைத் தளர்வாகப் பொருத்தினால் ஓசை நீண்டு நெருப்பில் நெய் உருகுவதுபோல் சுரசுரக்கும். கோலின் மர நுனி மென்மையும், நைலான் நுனி கூர்மையும் தரும்.

எனினும் சொல்லால் அறிவதைவிடக் கேட்டறிவது மேல். 1959ஆம் ஆண்டின் 'கைன்ட் ஆப் புளூ' இசைத்தட்டின் முதற்பாட்டில், மைல்ஸ் டேவிஸின் தனி வாசிப்புத் தொடங்கும் இடத்தில் ஜிம்மி காப் கொடுக்கும் ஒரு தட்டு அடி மெல்ல மெல்லக் கரைவதைக் கேட்கலாம். 1963இல், தம் 17ஆம் வயதில் டேவிஸின் குழுவிற் சேர்ந்த டோனி வில்லியம்ஸ், விரைந்த காலத்திலும் ஒவ்வொரு சொல்லும் தனித்துத் தெரிய வாசித்தார். ஜான் கோல்ட்ரேனுடன் வாசித்த எல்வின் ஜோன்ஸின் தட்டோ கடல்போல் புரளும். 1968இல் சிக் கொரியாவின் இசைத்தட்டொன்றில் ராய் ஹெய்ன்ஸ் குமிழே இல்லாத தட்டையான சிம்பலை வாசித்தார். அலை குறைந்து சொல் மட்டும் மழைத்துளிபோல் விழுவதை அதில் காணலாம். நால்வரும் பெரியோர், நால்வர் தட்டும் வேறு. ஆகவே சிறந்த தட்டு எது என்ற கேள்விக்கு விடையில்லை. எவருடன், எவ்விடத்தில், என்ன சொல்வதற்கு என்ற கேள்விக்கே விடையுண்டு. தட்டை வாங்கச் செல்பவர் தம் சொந்தக் கோலைக் கொண்டுசெல்ல வேண்டும். மெல்லென வாசித்துப் பார்க்க வேண்டும். நண்பர் ஒருவரை வாசிக்கச் சொல்லித் தாம் எட்ட நின்று கேட்க வேண்டும். அருகில் இரைச்சலாகத் தோன்றும் தட்டு, சபையின் கடைசி வரிசையில் இனிமையாகக் கேட்பதுண்டு.

இத்தட்டுகளின் வாணிகத்திலும் ஒரு பாடம் இருக்கிறது. ஸில்ஜியான் குடும்பத்தின் ஒரு கிளை 1929இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் தொழிலைத் தொடங்கியது. ஜீன் குருபா போன்ற வாத்தியக்காரர்கள் வேண்டியபடி மெல்லிய தட்டுகள் அங்கே உருவாயின. ஆனால் இஸ்தான்புல்லில் கைச் சுத்தியலால் அடித்த தட்டுகளையே புதிய ஜாஸ் வித்துவான்கள் பலர் நாடினர். ஒன்றுபோல் மற்றொன்று ஒலிக்காது என்பதே அவற்றின் குறையும் நிறையும். 1970களின் இறுதியில் அப்பழைய பட்டறை மூடப்பட்டது. அங்கே தொழில் கற்ற மெஹ்மெத், அகோப் என்னும் கைவினைஞர் இருவர் வித்தையை விடாது, பின்னர் அதே நகரத்தில் புதிய பட்டறை அமைத்தனர். ஆலை மூடினாலும் கை மூடவில்லை. கும்பகோணத்துப் பக்கத்து வெண்கலத் தொழிலாளர் நிலையை அறிந்தவர்க்கு இச்செய்தி எளிதில் விளங்கும். ஒரு தலைமுறை சுத்தியலைக் கீழே வைத்துவிட்டால், அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்க ஆள் இராது.

இந்தியாவுக்கும் ஜாஸுக்கும் உறவு நெடுநாளையது. 1935இல் லியான் அபேயின் குழு பம்பாய் தாஜ்மகால் ஹோட்டலில் வாசித்தது. 1958இல் டேவ் புரூபெக்கின் நால்வர் குழு துருக்கி, இந்தியா, இலங்கை முதலிய நாடுகளில் சுற்றுப்பிரயாணம் செய்தது. தட்டு பிறந்த இஸ்தான்புல் தெருவில் கேட்ட ஒன்பது எண்ணிக்கைத் தாளம் புரூபெக்கின் மனத்தில் தங்கியது. சென்னையில் அக்குழுவின் டிரம் வித்துவான் ஜோ மொரெல்லோ, மிருதங்க மேதை பழநி சுப்பிரமணிய பிள்ளையுடன் சேர்ந்து வாசித்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த 'டேக் பைவ்' ஐந்து எண்ணிக்கைப் பாட்டு. அதன் தொடக்கத்திலேயே மொரெல்லோவின் தட்டுத் தாளம் ஒலிக்கும். மைசூருக்கு அண்மையிலுள்ள பெங்களூரில், டி.ஏ.எஸ். மணியின் கர்நாடகத் தாள வாத்தியக் கல்லூரியினர் அமெரிக்க சாக்ஸபோன் வித்துவான் சார்லி மரியானோவுடன் கூடி அளித்த 'ஜ்யோதி' 1983இல் வெளிவந்தது. அதில் தாளத்தைத் தாங்கியவை நம் தாள வாத்தியங்களே. தாளம் காப்பவர் யாராயினும், தாளம் ஒன்றே என்பதை அது காட்டிற்று.

மைசூரில் 1935இல் பேராசிரியர் கோபாலசுவாமி தம் இல்லத்திலே ஒரு வானொலி நிலையம் தொடங்கி, அதற்கு 'ஆகாசவாணி' என்று பெயரிட்டார். முகம் காணாத செவிகளுக்கு ஓசையைக் கொண்டுசெல்லும் வானொலியில் தட்டின் அருமை நன்கு புலப்படும். பாடுபவர் இன்னார், வாசிப்பவர் இன்னார் என்று அறிவிப்பார்கள். ஜால்ரா போடுபவரின் பெயர் பெரும்பாலும் வராது. எனினும் அந்தச் சிறு ஓசை நின்றுவிட்டால் மறுகணமே நேயர் அறிவார்.

இன்றும் தசரா நாளில் மைசூர் வீதியில் கர்நாடகக் காவல்துறையின் பாண்டு செல்கிறது. தட்டுகள் வெயிலில் மின்னி மோதுகின்றன. கூட்டம் அம்முழக்கத்துக்குத் தலைநிமிர்கிறது. அன்று மாலையே ஏதோ ஒரு மண்டபத்தில் ஒரு சிறுமி ஆட, நட்டுவனார் கையில் சிறு தாளம் ஓயாது ஒலிக்கும். முன்னதைக் கேட்டு மகிழ்வோம். பின்னதைக் கேட்கப் பழகுவோம். ஜாஸ் வித்துவான் தன் வலக்கையால் உலகுக்கு உணர்த்தியது, நம் பஜனை மடத்து முதியவர் என்றும் அறிந்திருந்ததே. பிறர் சுதந்திரமாகப் பாடுவதற்காகத் தான் வழுவாது நிற்பவன் அடிமையல்லன். அவனே சபையின் ஆதாரம். அடுத்த முறை ஒருவரை இகழ "ஜால்ரா" என்னும் சொல் நாவில் எழுமாயின், அந்தத் தட்டுக்கு நாம் இழைக்கும் அநீதியைச் சற்றே எண்ணிப் பார்ப்போமாக.